வியர்வைக் கணக்கு: சென்னையிலிருந்து ஒரு 70.3 டிரையத்லானுக்குத் தயாராவது எப்படி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வருவது டிரையத்லான். கோவாவில் என் முதல் 70.3 பந்தயம். ஓட்டத்தின் 12வது கிலோமீட்டரில் இரண்டு தொடைகளும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்துக்கொண்டன. சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கறுப்பு உடையில் மார்பிலிருந்து வயிறு வரை வெள்ளைத் திட்டுகள். விரலால் சுரண்டினால் உப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதுவரை நான் குடித்ததெல்லாம் வெறும் தண்ணீர். மீதி 9 கிலோமீட்டரைப் பெரும்பாலும் நடந்தேதான் முடித்தேன்.

மயிலாப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஊரார் வரவு செலவை எல்லாம் பைசா சுத்தமாக எழுதுகிறவன், சொந்த உடம்புக்கு ஒரு வரி எழுதாமல் போய் நின்றிருக்கிறேன். அடுத்த பந்தயத்துக்கு எழுதிக்கொண்டு போனேன். முதல் முறை சைக்கிள் 3 மணி 28 நிமிடம், ஓட்டம் 3 மணி 2 நிமிடம், மொத்தம் 7:35. இரண்டாம் முறை சைக்கிளை வேண்டுமென்றே 8 நிமிடம் மெதுவாக ஓட்டினேன்; ஓட்டம் 2 மணி 26 நிமிடத்தில் முடிந்தது, மொத்தம் 7:03. மேடை ஏறுகிற நேரம் இல்லை. ஆனால் அலுவலகம் போகிற, 40 வயது தாண்டிய, 30 வயதுக்கு மேல் நீச்சல் கற்றுக்கொண்ட ஒருவர் இதை எப்படிச் செய்யலாம் என்று சொல்ல அந்த இரண்டு நாட்கள் போதும்.

தூரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 113 கிலோமீட்டர், மைலில் 70.3, பெயர் வந்தது அதிலிருந்துதான். இதன் முழு வடிவமான அயர்ன்மேன் பந்தயத்தில் சரியாகப் பாதி. நடுவில் கடிகாரம் நிற்காது. உடை மாற்றுகிற நேரமும் கணக்கில் சேரும்.

படி 1: கட்-ஆஃபிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

கட்-ஆஃப் என்பது ஒவ்வொரு பகுதியையும் முடித்தாக வேண்டிய கடைசி நேரம். வழக்கமாக அது இப்படி இருக்கும்: நீச்சல் 1 மணி 10 நிமிடத்துக்குள், தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்துக்குள் சைக்கிள், 8 மணி 30 நிமிடத்துக்குள் எல்லாம். பந்தயத்துக்குப் பந்தயம் மாறலாம் என்பதால் பணம் கட்டுவதற்கு முன் விதிப் புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

இதை வகுத்துப் பார்த்தால் பயம் பாதி குறையும். நீச்சலில் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 விநாடி கிடைக்கிறது. தொடக்கத்திலிருந்து 1 மணி 20 நிமிடத்தில் சைக்கிளில் ஏறினால், 90 கிலோமீட்டரை மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் முடித்தால் போதும். ஓட்டத்தில் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் சொச்சம் கிடைக்கும், அதாவது நடுநடுவே நடக்கவும் இடம் உண்டு. உங்கள் இப்போதைய வேகத்தை இந்த மூன்று எண்ணோடும் ஒப்பிடுங்கள். எது மிக நெருக்கமாக இருக்கிறதோ அதற்குத்தான் முதல் இரண்டு மாதம். நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு அது நீச்சல்.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சிறு வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், மருத்துவரைப் பார்த்து இதயப் பரிசோதனை செய்துகொண்ட பிறகே அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 2: 24 வாரங்களை நாள்காட்டியில் குறியுங்கள்

கோவா 70.3 முதலில் நடந்தது 2019 அக்டோபரில். அங்கே அக்டோபர், நவம்பர் வாக்கில் நடக்கும் பந்தயத்துக்கு 24 வாரம் பின்னால் போனால் மே மாதத்தில் போய் நிற்போம். கத்திரி வெயிலில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது முடிகிற பயிற்சி. இது நமக்குச் சாதகம் என்று ஏன் சொல்கிறேன் என்பது வியர்வைக் கணக்கில் வரும்.

முதல் 8 வாரம் வாரத்துக்கு 6 மணி நேரம். அடுத்த 8 வாரம் 8, 9 மணி நேரம். உச்சத்தில் 10, 11. கடைசி 2 வாரம் பாதியாகக் குறைத்துவிட வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். வார நாட்களில் காலை ஒரு மணி நேரம் நீச்சலோ ஓட்டமோ, சனிக்கிழமை நீண்ட ஓட்டம், ஞாயிறு நீண்ட சைக்கிள், திங்கள் தூக்கம். இதில் கடுமையாக மூச்சு வாங்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு போதும். மற்றதெல்லாம் பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிற வேகம்.

பிறகு உங்கள் வேலையின் கெடு தேதிகளை அதே நாள்காட்டியில் சிவப்பில் குறியுங்கள். எனக்கு ஜூலை 31, செப்டம்பர் 30. வருமான வரிக் கணக்கும் வரித் தணிக்கையும். செப்டம்பர் கடைசியில் ராத்திரி 11 மணிக்கு வீடு திரும்புகிறவன் காலை 4 மணிக்கு எழுந்து என்ன ஓடுவது? முதல் வருடம் அந்த இரண்டு வாரத்தில் விட்டதையெல்லாம் அக்டோபர் முதல் வாரத்தில் ஈடுகட்டப் பார்த்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் ஞாயிறு சைக்கிளையும் ஒரு நாள் நீச்சலையும் மட்டும் காப்பாற்றிக்கொள்வேன். விட்டுப்போன மற்றவற்றை வாராக்கடன் என்று எழுதித் தள்ளிவிடுங்கள்.

படி 3: குளத்தில் கற்று, கடலில் மறுபடியும் கற்க வேண்டும்

வேளச்சேரி நீச்சல் வளாகத்தின் 50 மீட்டர் குளத்தில் 1.9 கிலோமீட்டர் என்பது 38 நீளம். மெரினா நீச்சல் குளம் 100 மீட்டர் நீளம் என்பதால் அங்கே 19 தான். அடுக்குமாடிக் குடியிருப்பின் குட்டிக் குளத்தில் பழகுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: அடிக்கடி சுவரை உதைத்துத் திரும்புவதில் நமக்கே தெரியாமல் ஓய்வு கிடைக்கிறது. கடலில் சுவர் கிடையாது. வாரம் ஒரு முறையாவது நீளமான குளத்துக்குப் போங்கள்.

வளர்ந்த பிறகு நீச்சல் கற்றவர்களுக்கு வரும் பிரச்சினை பெரும்பாலும் ஒன்றுதான். மூச்சை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பும்போது விடவும் இழுக்கவும் ஒரே நேரத்தில் முயல்வது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே மூக்கு வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். இதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது. அதற்குப் பிறகுதான் 200 மீட்டரைத் தாண்டி நிற்காமல் போக முடிந்தது.

குளத்தில் நிறுத்தாமல் 2 கிலோமீட்டர் வந்த பிறகு கடல். மெரினாவை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அங்கே அலையும் இழுப்பும் எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது என்று சென்னைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவளம் பக்கம், கடல் தெரிந்த ஒரு மீனவரின் படகு கூட வர, இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை கட்டிக்கொண்டு, காலை 6 மணிக்கு இறங்குவதுதான் முறை. தனியாக ஒருபோதும் வேண்டாம். மீனவரே கடலுக்குப் போகாத நாளில் நமக்கும் அங்கே வேலை இல்லை.

என் முதல் நாளில் உடைகிற அலைக்கு எதிரே மார்பைக் காட்டிக்கொண்டு நின்று மூன்று முறை கரையில் வந்து விழுந்தேன். படகுக்கார அண்ணன் சிரிக்கவில்லை. "சார், அலை வரும்போது மூஞ்சக் காட்டாதீங்க. தலையக் குனிஞ்சு அடியில பூந்துடுங்க, அது பாட்டுக்கு மேல போயிடும்" என்றார். நான்காவது அலையில் தலையைக் குனிந்து அடியில் போனேன். முதுகுக்கு மேலே லாரி ஒன்று போகிற மாதிரி சத்தம், அப்புறம் அமைதி. அந்தப் பக்கம் எழுந்தால் கடல் தட்டையாக இருந்தது.

அவர் சொன்ன இரண்டாவது விஷயம் எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொல்லாதது. "கரையில ஒரு வீடு, அதுக்குப் பின்னால ஒரு தென்ன மரம், ரெண்டையும் ஒண்ணாப் பாத்து வெச்சுக்குங்க. அது ரெண்டும் பிரிஞ்சா கடல் உங்கள இழுக்குதுன்னு அர்த்தம்." படகிலிருந்து 400 மீட்டர் தள்ளி இருந்த மிதவையை நோக்கித்தான் அன்றைக்கு நீந்தினேன். கடிகாரம் 620 மீட்டர் காட்டியது. மிச்சம் 220 மீட்டர் நீரோட்டத்துக்குக் கொடுத்த வட்டி.

அதனால் திசை பார்ப்பதைத் தனியாகப் பழக வேண்டும். 6 முதல் 8 கைவீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து மிதவையைப் பார்த்துவிட்டு, மூச்சைப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் பார்த்திருப்பீர்களே, அந்தப் பார்வைதான். தலை முழுவதையும் தூக்கினால் கால் கீழே போய்விடும்.

பயம் வந்தால்? வரும், எல்லோருக்கும் வரும். மல்லாந்து படுத்து முப்பது வரை எண்ணுங்கள். மார்பு நீச்சலுக்கு மாறுங்கள். எந்த வகை நீச்சலுக்கும் விதியில் இடம் உண்டு. பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவதும் தவறல்ல, அதை வைத்து முன்னேறாத வரை. கோவாவில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும் என்பதால் மிதக்க உதவும் வெட்சூட் பற்றி யோசிக்கவே வேண்டாம், 24.5 டிகிரியைத் தாண்டினால் சாதாரணப் போட்டியாளர்களுக்கு அதற்கு அனுமதி இல்லை. கழுத்து, அக்குள், உள்தொடை மூன்றிலும் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் 50 நிமிடம் துணி உரசினால் என்ன ஆகும் என்பது அன்று ராத்திரி குளிக்கும்போது தெரியும்.

படி 4: கிழக்குக் கடற்கரைச் சாலையில், தனியாக

திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் வரை போய்த் திரும்பினால் ஏறக்குறைய பந்தயத் தூரம். இப்படி ஒரு வசதி வேறு எத்தனை ஊருக்குக் கிடைக்கும் என்று தெரியவில்லை. காலை 4.30 மணிக்குக் கிளம்பினால் போக்குவரத்து பெருகுவதற்குள் வீடு வந்துவிடலாம். பின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கட்டும். வார இறுதி விடியலில் அந்தச் சாலையில் விரட்டுகிற கார்களுக்கும் பைக்குகளுக்கும் நாம் கண்ணில் படுவதே பெரிய விஷயம்.

சாதாரண ரோடு பைக் போதும். லட்சங்களில் செலவு செய்வதற்கு முன் உட்காரும் உயரத்தையும் கைப்பிடித் தூரத்தையும் தெரிந்தவர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதில் வரும் லாபம் பெரிது.

நம் ஊர் சைக்கிள் குழுக்களில் பழகுகிறவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பத்து பேர் வரிசையில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு 32 கிலோமீட்டர் வேகத்தில் பறப்போம். முன்னால் போகிறவர் காற்றை உடைத்துத் தருகிற வேகம் அது, நம்முடையது அல்ல. 70.3 பந்தயத்தில் அது தடை. முன் சைக்கிளுக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதற்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். இல்லையென்றால் நேரத் தண்டனை. அதனால் மூன்றில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது தனியாகப் போங்கள். உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம் எல்லாம் கூட்டத்தோடு போவதைவிட நீளமாகத் தெரியும். திருவிடந்தை தாண்டும்போது கல்யாணம் கூடிவர வேண்டி மாலையும் கழுத்துமாக வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். பேச்சுத்துணைக்கு அவ்வளவுதான்.

மலை இல்லை என்ற கவலை எல்லோருக்கும் இருக்கிறது. கோவா பாதையில் ஏற்ற இறக்கம் உண்டு, சென்னையோ தட்டை. ஆனால் வாடைக் காற்று வீசுகிற நாளில் மாமல்லபுரத்திலிருந்து வடக்கே திரும்பிப் பாருங்கள். போகும்போது இலவசமாகக் கொடுத்ததை எல்லாம் வரும்போது வசூலித்துவிடும். ஏற்றத்தில் கனமான கியரில் உடம்பு எப்படி இருக்குமோ அப்படியேதான் எதிர்காற்றிலும். இது போதாதென்றால் பந்தயத்துக்கு முன் இரண்டு முறை ஏலகிரிக்குப் போய் 14 கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிட்டு வாருங்கள். இறங்கப் பழகுவதுதான் அங்கே முக்கியம். பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

பஞ்சர் ஒட்டத் தெரியாமல் பந்தயத்துக்கு வராதீர்கள். வீட்டுக் கூடத்தில் பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்ற எனக்கு முதல் தடவை 22 நிமிடம் ஆனது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "முக்குக் கடை தம்பி இதுக்கு அம்பது ரூபாதானே வாங்குவான்" என்றார். பத்தாவது தடவை 7 நிமிடம். பழைய டியூபை எடுத்த பிறகு டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். மெல்லிய கம்பித் துண்டு அங்கேயே குத்திக்கொண்டிருந்தால் புது டியூபும் போய்விடும்.

படி 5: ஓட்டம்

இதில் சொல்வதற்குக் குறைவு. அரை மாரத்தான் ஓடத் தெரிந்தவர்களுக்குப் புதிதாக வேண்டியது சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடும் பழக்கம் மட்டும். இதைப் பிரிக் என்பார்கள். முதல் நாள் கால் செங்கல் மாதிரி இருக்கும்போது பெயர்ப் பொருத்தம் புரியும். ஞாயிறு சைக்கிள் முடிந்ததும் வாரம் தவறாமல் 15 நிமிடமாவது ஓடுங்கள். கடைசி ஆறு வாரத்தில் மூன்று முறை 8 கிலோமீட்டர் வரை போகலாம். சனிக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு உழைப்பாளர் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே முன்னும் பின்னும் போவது சலிப்பாக இருக்கும். ஆனால் பந்தயப் பாதையும் பெரும்பாலும் இப்படிச் சுற்றிச் சுற்றித்தான் வரும், பழகிக்கொள்வது நல்லது.

படி 6: வியர்வைக் கணக்கு

ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை ஆவியாகாது. ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, சொட்டி வீணாகும். உடம்பு இன்னும் சுரக்கும். சென்னையில் பயிற்சி எடுக்கிறவருக்கு இது தினசரி அனுபவம். இப்படிப்பட்ட வெயிலில் 10 முதல் 14 நாள் தொடர்ந்து பழகினால் உடம்பு மாறிக்கொள்கிறது: இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள் இதற்காக அடைத்த அறையில் ஹீட்டர் வைத்துக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறார்கள். நமக்குக் கதவைத் திறந்தால் போதும்.

சோதனை எளிது. எடை பார்க்கும் கருவி ஒன்று, துண்டு ஒன்று, அளவு தெரிந்த பாட்டில் ஒன்று. ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, உடையில்லாமல் எடை பாருங்கள். பந்தய வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுங்கள். வந்ததும் உடம்பைத் துடைத்துவிட்டு மறுபடி எடை. குறைந்த கிலோவோடு நடுவில் குடித்த லிட்டரைக் கூட்டினால் ஒரு மணி நேர வியர்வை.

மே மாதத்தில் ஒரு நாள், காலை 7 மணி ஓட்டம். போகும்போது 71.4 கிலோ. வரும்போது 70.1. நடுவில் குடித்தது 300 மில்லி. அப்படியென்றால் 1.6 லிட்டர் வெளியே போயிருக்கிறது. சைக்கிளில் அதே சோதனையில் 1.1 லிட்டர், ஓடும்போது இல்லாத காற்று சைக்கிளில் உண்டு. குளியலறைக் கதவில் ஒட்டிய தாளில் மூன்று மாதம் இதை எழுதினேன். மனைவி கடைசியில் அதே தாளின் ஓரத்தில் பால் கணக்கும் எழுதத் தொடங்கிவிட்டாள்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஓடிக்கொண்டிருக்கும் வயிறு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேல் ஏற்பது கஷ்டம். வெளியே போவது 1.6 லிட்டர், உள்ளே போவது அதிகம் போனால் ஒரு லிட்டர். ஆகவே ஓட்டத்தில் பற்றாக்குறை நிச்சயம். சைக்கிளிலிருந்து இறங்கும்போதே கடனோடு இறங்கக் கூடாது என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் பாடம். முதல் பந்தயத்தில் நான் இறங்கியதே கடனோடு.

உப்புக்கு வருவோம். ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் ஆளுக்கு ஆள் மிகவும் மாறும். உடையில் வெள்ளைக் கோடு விழுகிறவர்களுக்கு அதிகம். நான் சைக்கிளில் 750 மில்லி பாட்டில் ஒன்றுக்குக் கால் டீஸ்பூன் உப்பு போடுகிறேன், ஏறக்குறைய 1.5 கிராம், அதில் சோடியம் 600 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலத்தில் இதைவிட உப்பு அதிகம்: உலக சுகாதார நிறுவன அளவுப்படி ஒரு லிட்டரில் 1,700 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கும். வயிற்றுப்போக்குக்கு ஏற்ற கலவை அது. சர்க்கரை குறைவு என்பதால் பந்தயத்துக்கு அது மட்டும் போதாது.

ஒரு நேர்மையான திருத்தமும் சொல்ல வேண்டும். என் தொடை பிடித்துக்கொண்டதற்கு உப்பு மட்டும் காரணமில்லை. பழகாத வேகத்தில் களைத்துப்போன தசைதான் முதலில் பிடித்துக்கொள்ளும். சைக்கிளில் நான் செலவழித்த பெருமைக்கும் அதில் பங்கு உண்டு. இன்னொன்று, பயத்தில் வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது இதைவிட ஆபத்து. இரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறிக் குறைந்தால் தலைவலி, வாந்தி, குழப்பம், உயிருக்கே ஆபத்து. பந்தயத்தின் முடிவில் எடை கூடியிருந்தால் நீங்கள் குடித்தது அதிகம்.

படி 7: வயிற்றுக்கும் பயிற்சி

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது நடுத்தர வேகக்காரருக்கு நல்ல இலக்கு. எடுத்த எடுப்பில் அவ்வளவு சாப்பிட்டால் குமட்டும். 30 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு 10 கிராம் கூட்டுங்கள்.

இனிப்புக் குழம்பு அடைத்த ஜெல் பொட்டலம் ஒத்துக்கொண்டால் சாப்பிடுங்கள். விலை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் பாட்டில்: 750 மில்லி தண்ணீர், 40 கிராம் சர்க்கரை, அரை எலுமிச்சம்பழம், மேலே சொன்ன உப்பு. அதோடு மணிக்கு ஒரு வாழைப்பழம், அது 25 கிராம் சொச்சம். கணக்கு முடிந்தது. கடலை மிட்டாய் பயிற்சியில் ருசி, பந்தயத்தில் கொழுப்பும் கடிக்கிற வேலையும் சேர்ந்து வயிற்றில் கல்லாக நிற்கும். கடிகாரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்க வையுங்கள். பசித்த பிறகு சாப்பிடலாம் என்றால் தாமதம்.

பந்தயக் காலை உணவையும் ஒத்திகை பார்க்க வேண்டும். நான் தங்கிய விடுதியில் காலை 3.30 மணிக்குச் சாப்பாடு தயாராக இருக்கும் என்று சத்தியம் செய்தார்கள். போனால் சமையலறை இருட்டு. அடுத்த முறை ஊரிலிருந்தே அவல் கொண்டுபோனேன். அறையில் இருந்த கெட்டிலில் வெந்நீர், அவல், பொடித்த வெல்லம், இரண்டு வாழைப்பழம். மூன்று மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டால் வயிறு லேசாக இருக்கும். முந்தின நாள் கீரை, பயறு, பொரித்தது எதுவும் வேண்டாம்.

படி 8: மொட்டை மாடியில் ட்ரான்சிஷன்

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுவதுதான் ட்ரான்சிஷன். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, துண்டை விரித்து, ஹெல்மெட், கண்ணாடி, காலுறை, ஷூ, எண் கட்டிய பெல்ட்டை வரிசையாக வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஓடிவந்து மாட்டிப் பாருங்கள். ஈரக்காலில் காலுறை ஏறாது என்பது அப்போதுதான் தெரியும். ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், சைக்கிள் ஏறுவதற்கென்று போட்ட கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும். கைப்பிடி முனைகளில் அடைப்பான் இல்லையென்றால் சைக்கிளை உள்ளேயே விடமாட்டார்கள்.

படி 9: பெட்டி கட்டுதல்

முதல் முறை சைக்கிளை ஒரு பார்சல் வண்டியில் அனுப்பினேன். பின் கியரைத் தாங்குகிற சிறிய ஹேங்கர் வளைந்து வந்து சேர்ந்தது. ஊர் பெயர் தெரியாத இடத்தில் அதைத் தேடி அரை நாள் போனது. இப்போது கியர் மாற்றும் பின் டீரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்தோடு கட்டிவிடுகிறேன். மாற்று ஹேங்கர் ஒன்று பையில் எப்போதும் உண்டு. கடைசி இரண்டு வாரத்தில் சென்னையில் மழை பிடித்துக்கொண்டால் சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் ட்ரெய்னரில் வீட்டுக்குள்ளேயே மிதியுங்கள். புது ஷூ, புது சீட், புதுப் பானம் எதுவும் இந்தச் சமயத்தில் வேண்டாம்.

படி 10: பந்தய நாள்

நீச்சலில் கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள். முதல் 200 மீட்டரை வேண்டுமென்றே மெதுவாகப் போனால் மூச்சு தன் தாளத்துக்கு வந்துவிடும். கரையேறும்போது தலை சுற்றும், ஓடாமல் நடங்கள்.

சைக்கிளில் முதல் 30 கிலோமீட்டர் கடினமான சோதனை, ஏனென்றால் எல்லோரும் உங்களை முந்திப் போவார்கள். என்னை ஒரு 60 வயதுப் பெரியவர் முந்தினார், போகட்டும் என்று விட்டேன். மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்திலேயே இருங்கள். மணி அடித்தால் குடியுங்கள், சாப்பிடுங்கள். கடைசி 10 கிலோமீட்டரில் கியரை இலகுவாக்கி வேகமாகச் சுழற்றினால் தொடை தளரும்.

ஓட்டம் தொடங்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். முதல் இரண்டு கிலோமீட்டரை நினைப்பதைவிட அரை நிமிடம் மெதுவாக ஓடுங்கள். ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் 30 விநாடி நடப்பது என்று முன்பே முடிவு செய்துகொண்டால், நடப்பது தோல்வியாகத் தோன்றாது. ஒரு குவளை உள்ளே, ஒரு குவளை தலையில். பனிக்கட்டி கொடுத்தால் தொப்பிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரை வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெயிலில் குளிர் எடுத்தால், மயிர்க்கூச்செறிந்தால், பேச்சு குழறினால், எத்தனையாவது சுற்று என்பது நினைவுக்கு வராமல் போனால் உடனே நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். பதக்கம் அடுத்த வருடமும் கிடைக்கும்.

இரண்டாம் முறை 12வது கிலோமீட்டரைத் தாண்டும்போது அதே மாதிரித் தடுப்பு ஒன்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வேறொருவர் நின்றுகொண்டிருந்தார், உடையில் வெள்ளைத் திட்டுகள். பையிலிருந்த உப்புப் பொட்டலத்தைக் கொடுத்து, "தண்ணியில கலந்து மெதுவா குடிங்க, கொஞ்ச தூரம் நடங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன் என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. அவர் புரிந்துகொண்டுதான் தலையாட்டினார்.

முடித்ததும் உடனே படுக்காதீர்கள். பத்து நிமிடம் நடந்து, உப்பும் இனிப்பும் கலந்து எதையாவது குடித்து, ஒரு மணி நேரத்துக்குள் தயிர்சாதமோ பிரியாணியோ வயிறு கேட்பதைச் சாப்பிடுங்கள். அறைக்குப் போனதும் குளிக்கும் முன் சைக்கிளைப் பாருங்கள். கடல் காற்றும் உங்கள் வியர்வையும் கைப்பிடியின் திருகுகளில் படிந்திருக்கும். ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டால் திரும்பி வருவதற்குள் துரு ஏறாது.